திரும்பும் நேரத்தில் பேரம் பேசாதீர்கள்: சோலைக்காட்டு நடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் ஏழு பேர் கொண்ட ஒரு கல்லூரிக் கூட்டம். காலை ஏழரைக்கு வரச் சொன்னால் பத்து மணிக்கு வந்து நின்றார்கள். "ஒரு நாள் நடைதானே அண்ணா, வேகமா நடந்துருவோம்" என்றார் ஒரு பையன். இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதே இடத்தில் நின்று இதையேதான் சொன்னேன். அதனால்தான் எழுதுகிறேன். தண்ணீர் கொண்டு வாருங்கள், செருப்போடு வராதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடலாம்.

இ-பாஸ் இருந்தால் போதும் என்று நினைப்பது

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வண்டியில் வர இ-பாஸ் வேண்டும். அது வண்டி மலை ஏறுவதற்கு மட்டும். காப்புக்காட்டுக்குள், அதாவது வனத்துறைப் பாதுகாப்பில் உள்ள காட்டுக்குள், கால் வைக்க வனத்துறை அனுமதி தனி. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையத்திலேயே பதிவு செய்யலாம். வழிகாட்டியும் கூடவே வருவார். கோடையில் தீ பயத்தால் பாதையை மூடினால் வாதாடாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீ 23 பேரைக் கொண்டுபோனது. காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு நம் கால் ஈடுகொடுக்காது.

திரும்பும் நேரத்தில் பேரம் பேசுவது

மலை நடை என்றால் முதலில் ஏறி, அப்புறம் இறங்குவது என்றுதான் மனதில் இருக்கும். வட்டக்கானலில் அது தலைகீழ். நீங்கள் வண்டியை விட்டு இறங்கும் இடம்தான் உச்சி. டால்பின் மூக்குப் பாறையும் அதைத் தாண்டி வெள்ளகவி கிராமமும் கீழே இருக்கின்றன. தெம்பு இருக்கும் காலையில் இறங்கிவிட்டு, கால் ஓய்ந்த பிறகு ஏற வேண்டும். இறங்க இரண்டு மணி நேரம் ஆனால், ஏற மூன்றோ நான்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் பெரியகுளம் பக்கத்து ஈரக்காற்று வெயிலில் சூடாகிச் சரிவைப் பிடித்து மேலே வரும், குளிர்ந்ததும் மூடுபனியாகிவிடும். "பன்னிரண்டு மணிக்குத் திரும்பணும்" என்று வழிகாட்டி சொல்வது இவ்வளவையும் கணக்குப் போட்டுத்தான்.

இருபது வருடத்துக்கு முன்னால், அன்று நாங்கள் மதுரையிலிருந்து ஐந்து பேர். வழிகாட்டியாகக் கூட வந்த பெரியவர் ஒரு ஓடைக்கரையில் நின்றார். "தம்பி, மேகம் ஏறுது. இங்கேயே சாப்பிட்டுத் திரும்பிரலாம்." நாங்கள் விடவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் அரை மணி நேரம்தானே என்றோம். அவர் பள்ளத்தாக்கை ஒருமுறை பார்த்தார், பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார். அரை மணி நேரம் இரண்டு மணி நேரமானது.

திரும்பும்போது ஐந்தரை மணி. வெளியே வெளிச்சம் இருந்தாலும் சோலைக்குள் இருட்டிவிட்டது. பெரியவர் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி எங்களை நிறுத்தினார். பனிக்குள் முதலில் தெரிந்தது நான்கு வெள்ளைக் கால்கள், காலுறை போட்டதுபோல. அதற்கு மேலே எதுவும் தெரியவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும். காட்டுமாடு. அது நகரும்வரை நாற்பது நிமிடம் நின்றோம். மரத்துப்போன காலை மாற்றி வைக்கும்போது நண்பன் ஒருவன் வேரில் வழுக்கினான், கணுக்கால் வீங்கிவிட்டது. அறுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர்தான் அவனைத் தோளில் தாங்கி மேலே கொண்டுவந்தார். வட்டக்கானல் வந்து சேர இரவு ஒன்பது மணி. மறுநாள் அவர் போகவேண்டிய பூண்டுத் தோட்டத்து வேலைக்குப் போக முடியவில்லை என்பதை டீக்கடையில் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

எனக்கு இன்னும் கோபம் வருவது இதில்தான். கூலி வாங்குகிற மனிதர் முகத்தை முறித்துப் பேசமாட்டார். ஒருமுறை சொல்வார், இன்னொரு முறை சொல்வார், அப்புறம் பேசாமல் நடப்பார். அந்த மௌனத்தை, நடக்க வருகிறவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். காலையில் கிளம்பும் முன்பே, எல்லோர் காதிலும் விழும்படி, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். போனில் அலாரம் வையுங்கள். அது அடித்ததும், நிற்கிற இடத்திலேயே திரும்புங்கள். பாறை பத்தடி தள்ளி இருந்தாலும் சரி.

காலில் ஒட்டிய அட்டைப்பூச்சியைப் பிய்த்து எறிவது

பிய்த்தால் கடிவாய் புண்ணாகும். நகத்தை அதன் வாய்க்கு அடியில் கொடுத்து மெதுவாக நெம்புங்கள், விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால், அப்புறமும் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம். கல்லுப்பைத் துணியில் முடிந்து குச்சி நுனியில் கட்டி வைத்துக்கொண்டால், ஷூவில் ஏறும்போதே ஒற்றிவிடலாம்.

ஜீன்ஸ்

நனைந்தால் கனக்கும், காயாது.

ஸ்பீக்கர்

வேண்டவே வேண்டாம். தழை ஒடியும் சத்தம்தான் காட்டுமாடு தரும் முதல் எச்சரிக்கை. அதைக் கேட்கக் காது வேண்டும்.

வெள்ளகவியில் ஷூவோடு நடப்பது

ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊர் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.