ஓடியது ஒரு நேரம், படம் ஒரு நேரம்

பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலின் 513 படிகளை ஏறுகிறீர்கள். மேலே திருநீறு பூசிக்கொண்டு கீழே இறங்கி, இளநீர் குடித்து ஓய்ந்த பிறகு யாரோ உங்களைப் படம் எடுக்கிறார்கள். நெற்றியின் திருநீறு படத்தில் விழும். படியேறியபோது வாங்கிய மூச்சு விழாது.

டிரெட்மில்லில் நடக்கவைத்து எடுக்கும் இதய அணுக்கதிர் ஸ்கேனும் இப்படித்தான். பினாங்கில், உடலுக்குள் ஏற்றிய மருந்தின் கதிரைப் படமாக்கும் காமா கேமரா பக்கத்தில் நின்றே பிழைப்பவன் நான். படம் முழுவதும் ஓடும் இதயத்துடையது என்று நினைக்கும் இந்த ஒரு குழப்பத்தைத் தீர்த்தே என் தொண்டை வறண்டுவிடுகிறது.

ஓட்டத்தின் உச்சத்தில் ஊசி வழியாக ஏற்றும் டெக்னீசியம் என்ற கதிர்வீசும் மருந்து, அந்த நேரத்தில் எந்தத் தசைக்கு எவ்வளவு இரத்தம் போனதோ அதற்கேற்ப அங்கே தங்கிவிடுகிறது. கேமராவின் கீழ் படுப்பதோ கால் மணி நேரமாவது கழித்து. அதற்குள் 150ஐத் தொட்ட நாடி 80க்கு இறங்கியிருக்கலாம். ஆக, இரத்த ஓட்டம் ஓடிய இதயத்துடையது. சுவர்கள் எப்போது சுருங்கின என்ற கணக்கு ஓய்ந்த இதயத்துடையது. "ஓடும்போதும் என் இதயம் ஒரே சீராகச் சுருங்கியதாம்" என்று அறிக்கையைக் காட்டி மகிழ்வது தவறு. இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம்: ஓய்வெடுத்த பிறகும் ஒரு பகுதி மட்டும் பிந்திச் சுருங்கினால், இரத்தம் போதாமல் மரத்துப்போன தசை இன்னும் தெளியவில்லை என்று பொருளாகலாம். களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

நேரக் கணக்கு இசிஜியை நம்பி நடக்கிறது. ஒரு துடிப்பை 8 அல்லது 16 துண்டுகளாக வெட்டுவோம். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால், 16இல் ஒரு துண்டு 50 மில்லி விநாடி. எல்லாச் சுவரும் சேர்ந்து சுருங்கினால் திரையில் வரைபடம் கோபுரம்போல ஒடுங்கி நிற்கும். ஆளுக்கொரு நேரம் என்றால் மணல்மேடாகப் பரவும். துடிப்பு தாறுமாறாக வந்தாலும் பரவும், அது இதயச் சுவரின் குற்றமில்லை. ஓடாமல் ஒரு படம், ஓடிய பின் ஒரு படம் என்று இரண்டையும் ஒரே நாளில் எடுத்தால், முதலில் எடுக்கும் ஓய்வுப் படத்துக்கு மருந்து குறைவு. படம் மங்கினாலும் பரவும். இதைப் பார்க்காமல் இரண்டு படங்களின் பரவல் எண்களை அருகருகே வைத்து, "ஓடியதும் சரியாகிவிட்டது" என்பவர்கள் உண்டு.

இடது கிளைத் தடை, அதாவது இதயத்தின் இடப்பக்கத்துக்கு மின்துடிப்பைக் கொண்டுபோகும் பாதையில் தடை, உள்ளவர் "நன்றாகத்தான் நடப்பேன்" என்று டிரெட்மில்லுக்கு அடம்பிடிப்பதும் வீண். துடிப்பு ஏற ஏற நடுச்சுவரில் இல்லாத குறை தெரியும். அவர்களுக்கு இரத்தக் குழாயை விரிக்கும் ஊசிதான் ஏற்றது.

அந்த ஊசிக்குக் காஃபின் ஆகாது. முட்டி பிடித்துக்கொண்டதால் பாதியில் இறங்கிய பெரியவர் ஒருவரை ஊசிக்கு மாற்றலாம் என்று, காலையில் என்ன குடித்தீர்கள் எனக் கேட்டேன்.

"கோப்பி, தே தாரேக் கூடாதென்றீர்கள் தம்பி. அதனால் மைலோ குடித்தேன்."

மைலோவில் உள்ள கோக்கோவிலும் காஃபின் உண்டு. வேறு நாள் கொடுத்து அனுப்பினோம். அடுத்த முறை வெறும் தண்ணீரோடு வந்தார். பிளாஸ்க் அவர் மனைவியின் மடியில் பத்திரமாக இருந்தது.