ஓ.டி. (மிகைநேர ஊதியம்) கேட்கும் முன்: தமிழக அரசு ஊழியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்குப் பையை எடுக்கும் நேரம் பார்த்துத்தான் கண்காணிப்பாளர் கூப்பிடுவார். "நாளைக்கு ஒரு ரெண்டு மணி நேரம் வந்துட்டுப் போங்க சார், சட்டமன்றக் கேள்விக்குப் பதில் போகணும்." அந்த இரண்டு மணி நேரம் சாயங்காலம் வரை இழுக்கும். திங்களன்று டீக்கடையில் யாராவது ஆரம்பிப்பார்கள்: "இதுவே கம்பெனியா இருந்தா டபுள் சம்பளம் தெரியுமா?"

அங்கேயே முதல் தவறு தொடங்கிவிடுகிறது. நாளுக்கு 9 மணி நேரத்தையோ வாரத்துக்கு 48 மணி நேரத்தையோ தாண்டினால் இரட்டிப்பு ஊதியம் என்று, 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும்வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு சொன்னது உண்மைதான். ஆனால் அந்தச் சட்டம் நம் கோப்பு மேசைக்குப் பொருந்தியதே இல்லை. நம்மைக் கட்டுவது, அரசு ஊழியர்களின் பணி நிபந்தனைகளைச் சொல்லும் அடிப்படை விதிகளில் 11ஆவது விதி. வேறு விதமாகத் தெளிவாகச் சொல்லப்படாத வரை அரசு ஊழியரின் முழு நேரமும் அரசின் வசம். கூடுதல் ஊதியம் கோராமல் எந்த வேலைக்கும் அவரைப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தொழிற்சாலை போன்ற இடத்தில் வேலை பார்த்தவர்களே இதில் தோற்றிருக்கிறார்கள். ஒன்றிய நிதி அமைச்சகத்தின் கீழ் இருந்த அச்சக, நாணயச்சாலை மேற்பார்வையாளர்கள் இரட்டிப்பு மிகைநேரப்படி கேட்ட வழக்கில், அரசுப் பணியில் இருந்தவர்களுக்கு அந்த உரிமை இல்லை என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிடிக்கிறதோ இல்லையோ, நிலவரம் இதுதான்.

சரி, காசு இல்லை. அதற்காக "மணி 5.45, நான் கிளம்புறேன்" என்று கோப்பை மூடிவைப்பதும் தவறுதான். அவசர வேலைக்கு எழுத்து மூலம் அழைத்தும் வராதவருக்கு 17(அ) மெமோ (ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை) வந்தால், "ஓ.டி. தரவில்லை" என்ற பதில் எடுபடாது.

நமக்கு உண்மையில் கிடைப்பது ஈடுசெய் விடுப்பு. விடுமுறை நாளில் வேலைக்கு வந்தால் அதற்கு ஈடாக ஒரு நாள். இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், அதுவும் ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால். வாய்மொழியாகவோ வாட்ஸ்அப் குழுவிலோ "எல்லாரும் வந்திடுங்க" என்று சொன்னதை நம்பி வருகிறோம். வருகைப் பதிவேட்டில் அந்த நாளுக்கு நேரே சிவப்பு மையில் கோடு இழுத்து "விடுமுறை" என்று எழுதியிருக்கும்; கையெழுத்துப் போட இடமே இருக்காது. மூன்று மாதம் கழித்து விண்ணப்பம் நீட்டும்போது அந்தக் கண்காணிப்பாளர் மாறுதலில் போயிருப்பார். புதியவர் "அன்னிக்கு வந்ததுக்கு என்ன ஆதாரம்?" என்பார். கேட்பது அவர் தப்பில்லை. அதனால் வரும்போதே கேளுங்கள்: எந்த நாள், என்ன வேலை, யார் யார் என்று மூன்று வரியில் ஒரு அலுவலகக் குறிப்பாணை போதும். வந்த நேரம், போன நேரம் எழுதிக் கையெழுத்திட ஒரு தனித்தாள். இரண்டுக்கும் நகல் உங்களிடம் இருக்கட்டும்.

ஆண்டு முழுக்கச் சேர்த்துவைத்து டிசம்பரில் மொத்தமாக எடுக்கலாம் என்ற கணக்கும் பலிக்காது. வேலை பார்த்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும். ஆண்டுக்கு 10 நாளுக்கு மேல் கிடையாது. தினமும் மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்ததைக் கூட்டி "ஒரு நாள் ஆகிவிட்டது" என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கூட்டலை எந்த அலுவலகமும் ஏற்காது. மாறுதல் ஆணை வரும் போலத் தெரிந்தால், கையில் இருப்பதைப் பணிவிடுவிப்புக்கு முன்பே எடுத்துவிடுவது உத்தமம்.

எடுக்காத ஈடுசெய் விடுப்பைச் சரண் செய்து பணமாக்க முடியாது. சரண் என்பது ஈட்டிய விடுப்புக்கு மட்டும். 2020இல் நிறுத்திவைக்கப்பட்டு, 2025 அக்டோபர் முதல் மீண்டும் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்ட 15 நாள் சரணும் அதுதான்.

அப்புறம், மச்சான் வாங்குகிறார், நமக்கு ஏன் இல்லை என்ற ஒப்பீடு. மச்சான் எங்கே வேலை பார்க்கிறார் என்று முதலில் பாருங்கள். போக்குவரத்துக் கழக ஓட்டுநர், நடத்துநருக்கு 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 2025 நவம்பர் வரை இருந்தது. 8 மணி நேர வேலை, மிகைநேரத்துக்கு இரட்டிப்பு எல்லாம் அதில் வந்தது; இப்போது அதன் இடத்திலும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புதான். காவலர்களுக்கு 2021இல் வார ஓய்வு வந்தபோதே, ஓய்வு நாளில் பணிபுரிய வேண்டி வந்தால் மிகைநேர ஊதியம் என்று தனியாகச் சொல்லப்பட்டது. தேர்தல் பணிக்குக் கிடைப்பது மதிப்பூதியம். அதைக் காட்டி அலுவலக வேலைக்கு ஓ.டி. கேட்க முடியாது. ஏஜென்சி மூலம் வந்து பக்கத்து நாற்காலியில் தட்டச்சு செய்யும் பிள்ளைகளோ அடிப்படை விதிகளுக்குள்ளேயே வருவதில்லை. அவர்கள் பார்க்க வேண்டியது தங்கள் ஒப்பந்தத்தையும் தொழிலாளர் சட்டங்களையும். கேட்க வேண்டிய முதல் இடம் ஏஜென்சி.