மொரிஷியஸில் தனிக் கேட்டமரான் படகில் ஒரு நாள்: திட்டமிடுவது எப்படி?

மொரிஷியஸுக்குச் செல்லும் குடும்பங்கள் பயணத்தின் ஒரு நாளைக் கேட்டமரான் படகுக்கென்று ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. இணையாக நிற்கும் இரண்டு படகுடல்கள், அவற்றை இணைக்கும் அகன்ற தளம், முன்புறத்தில் படுத்துக்கொள்ள இழுத்துக் கட்டிய வலை என்று அமைந்த இந்தப் பாய்மரப் படகுகளில் இருவகைப் பயணங்கள் உண்டு. முன்பின் அறியாத இருபது முப்பது பேரோடு செல்வது ஒன்று. படகையும் அதன் ஊழியர்களையும் நமக்கென்று மட்டும் அமர்த்திக்கொள்வது மற்றொன்று. தனிப்படகுக்குத் தரும் கூடுதல் தொகை சொகுசுக்கான விலை என்றே பலரும் எண்ணுகிறார்கள். நேரத்தையும் இடத்தையும் நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் உரிமைக்குத்தான் அந்தப் பணம் என்பது என் கருத்து. அந்த உரிமையைப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாதவர்களுக்குப் பகிர்வுப் படகே போதும். பத்துப் பன்னிரண்டு பேர் சேரும் பெரிய குடும்பத்துக்கோ தலைக்கு ஆகும் செலவு வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடுவதால், தனிப்படகை எடுப்பதில் தயங்க வேண்டியதில்லை.

எந்தக் கரை, எந்த மாதம்

முதலில் தீர்மானிக்க வேண்டியது புறப்படும் கரையை. மொரிஷியஸின் கரையோரத்தில் பெரும்பகுதியைப் பவளத்திட்டு வளைத்திருப்பதால், அதற்கும் நிலத்துக்கும் இடையில் ஆழம் குறைந்த, அலை அடங்கிய நீர்ப்பரப்பு உருவாகியிருக்கிறது. இதை லகூன் என்கிறார்கள். ஓதத்தால் கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவு இங்கே அரை மீட்டரை ஒட்டியே இருப்பதால், அது உங்கள் திட்டத்தைப் பெரிதாகப் பாதிக்காது. பாதிப்பது காற்றுதான். ஆண்டின் பெரும்பகுதியில் தென்கிழக்கு வியாபாரக் காற்று வீசுகிறது. அங்கே குளிர்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை அது வலுக்கும். அப்போது கிழக்குக் கரை காற்றை நேராக வாங்கிக்கொள்ள, மேற்குக் கரை மலைகளின் மறைவில் ஓரளவு அமைதியாக இருக்கும்.

மேற்கே பிளாக் ரிவர், தமரின் பகுதிகளிலிருந்து புறப்படும் படகுகள் பெனித்தியே தீவுக்குச் செல்கின்றன. வழியில் 556 மீட்டர் உயரமான லெ மார்ன் மலை தெரியும். அடிமைத்தளையிலிருந்து தப்பியோடியவர்கள் ஒளிந்து வாழ்ந்த இம்மலை 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இரவெல்லாம் ஆழ்கடலில் இரை தேடிய ஸ்பின்னர் டால்பின்கள் ஓய்வெடுக்கக் காலையில் இக்கரையோரம் வருகின்றன. அவற்றைச் சுற்றி விரைவுப் படகுகள் முண்டியடிக்கும் வேளையில் நாமும் போய் நீரில் குதிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தூங்க வந்த விலங்கைத் துரத்துவதாகவே அது முடிகிறது. தொலைவிலிருந்து, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்ப்பதே முறை.

கிழக்கே த்ரூ தோ தூஸிலிருந்து செர்ஃப் தீவுக்குச் செல்லும் பாதையில் பெரும்பகுதி லகூனுக்குள்ளேயே அமைவதால், சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அது ஏற்றது. ஆனால் அந்தத் தீவில் உணவகங்களும், நீர் விளையாட்டுகளும், பதினெட்டுக் குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானமும் இருப்பதால், தனிமையை நாடிச் செல்பவர்கள் ஏமாறுவார்கள். அதனுடன் சேர்த்து விற்கப்படும் தென்கிழக்கு ஆற்று அருவியும் விளம்பரப் படங்களில் தோன்றும் அளவுக்குப் பெரியதன்று.

வடக்கே கிராண்ட் பே ஊரிலிருந்து கேப்ரியல் தீவுக்குச் செல்வதே மூன்றிலும் சிறந்தது என்பேன், கடினமானதும் அதுவே. லகூனைத் தாண்டித் திறந்த கடலில் ஒன்றரை மணி நேரமோ சற்று அதிகமாகவோ செல்ல வேண்டும். வழியில் செங்குத்தாக நிற்கும் க்வான் த மீர் தீவின் பாறைகளில், நீண்ட வால் இறகு கொண்ட வெண்ணிறக் கடற்பறவைகள் கூடுகட்டுகின்றன. ஏர் மொரிஷியஸ் விமானங்களின் சின்னத்தில் இருப்பது இந்தப் பறவைதான். அதைக் கடந்தால் பிளாட் தீவும் கேப்ரியல் தீவும் அருகருகே வரும்; இரண்டுக்கும் இடையிலுள்ள நீரில்தான் ஸ்நார்க்கலிங், அதாவது முகமூடியும் மூச்சு விடும் குழாயும் அணிந்து நீரில் மிதந்தபடி கீழே பார்ப்பது.

காற்று முன்னறிவிப்பை விண்டி போன்ற செயலியில் மூன்று நாள் முன்னதாகவே பார்க்கத் தொடங்குங்கள். 15 நாட் வரை, அதாவது மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் வரை, வடக்குத் தீவுகளுக்குச் செல்வது இன்பமாக இருக்கும். 20 நாட்டைத் தாண்டினால், குழந்தைகள் இருக்கும் குடும்பம் மேற்குக் கரைக்குத் திட்டத்தை மாற்றிக்கொள்வது நல்லது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம். அந்த மாதங்களில் கடல்நீர் 27, 28 டிகிரி வரை இதமாக இருந்தாலும் பயணம் ரத்தாகும் வாய்ப்பு உண்டு. ஆகஸ்டில் நீர் 23 டிகிரியை ஒட்டி இருக்கும். சென்னைக் கடலில் குளித்துப் பழகியவர்களுக்கு அது நடுக்கத்தையே தரும். அக்டோபரும் நவம்பரின் முற்பாதியும் இரண்டு தொல்லைகளும் குறைந்த காலம். எந்த மாதமானாலும் படகு நாளைச் சுற்றுலாவின் தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டால், வானிலை கெட்டாலும் மாற்று நாட்கள் கையில் இருக்கும்.

முன்பதிவில் கேட்க வேண்டியவை

மொரிஷியஸில் பயணிகளை ஏற்றும் உல்லாசப் படகுகளுக்கு அந்நாட்டுச் சுற்றுலா ஆணையத்தின் உரிமம் வேண்டும். உரிமம், காப்பீடு, அனுமதிக்கப்பட்ட பயணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கேட்டதும் அனுப்பத் தயங்கும் நிறுவனத்தோடு மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. சொல்லப்பட்ட விலையில் 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி அடங்குமா, அது யூரோவிலா மொரிஷியஸ் ரூபாயிலா, விடுதியிலிருந்து அழைத்துச் செல்வார்களா, காற்றால் பயணம் நின்றால் முன்பணம் திரும்புமா என்பவற்றையும் முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ரூபாயில் கொடுப்பவர்கள் நோட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதன் மதிப்பு தமிழிலும் அச்சிடப்பட்டிருக்கும். 1998இல் மொழிகளின் வரிசையில் தமிழின் இடத்தை மாற்றி அச்சிட்ட நோட்டுகள், அங்குள்ள தமிழர்களின் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டன.

அடுத்தது புறப்படும் நேரம். பகிர்வுப் படகுகள் பெரும்பாலும் ஒன்பது மணியை ஒட்டிக் கிளம்பி, ஏறத்தாழ ஒரே வேளையில் ஒரே இடத்தில் நங்கூரமிடும். நீங்கள் ஏழரை, எட்டு மணிக்கே கிளம்ப முடியுமா என்று கேளுங்கள். கூட்டம் வருமுன் பவளத்திட்டில் கிடைக்கும் ஒரு மணி நேரம், நாளின் மற்ற எல்லா ஏற்பாடுகளையும்விட மதிப்புமிக்கது. தனிப்படகு எடுத்தும் ஒன்பது மணிக்கே கிளம்புபவர்கள் அந்தப் பணத்தில் பாதியை வீணாக்குகிறார்கள்.

மதிய உணவு படகின் பின்புறத்து அடுப்பில் சுடப்படும் மீன், கோழி, சாசேஜ், அவற்றோடு சாலட், ரொட்டி என்பதாகவே இருக்கும். சைவ உணவு என்று சொன்னால் அங்கே எளிதில் புரிந்துகொள்வார்கள். காவடித் திருவிழாவுக்காக நோன்பிருக்கும் தமிழர்கள் வாழும் நாடு அது. ஆயினும் இறைச்சி சுட்ட அதே தட்டிலேயே காய்கறியையும் வாட்டுவது உண்டு. சாலட்டில் கலக்கும் மயோனைஸில் முட்டை இருக்கும். இவற்றைத் தவிர்ப்பவர்கள் தனி வாணலி வேண்டும் என்பதைப் பதிவின்போதே எழுதிவிட வேண்டும். உங்கள் குழுவில் நீந்தத் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைப் பொறுத்தே ஊழியர் ஒருவரைக் கூடுதலாக அனுப்புவார்கள்.

உடை, மருந்து, படகில் இருக்கை

நீருக்குள் சுடிதாரும் பருத்திச் சட்டையும் கனத்துக் கை கால்களைக் கட்டிப் போடும். முழுக்கை நீச்சல் சட்டையும் கால்களை மூடும் நீச்சல் லெகிங்ஸும் உடலையும் மறைக்கும், வெயிலையும் தடுக்கும். சன்ஸ்கிரீன் பூச வேண்டிய இடமும் குறையும். பூசும் சன்ஸ்கிரீன் துத்தநாக ஆக்சைடு சேர்ந்ததாக இருக்கட்டும். ஆக்சிபென்சோன் சேர்ந்தவை பவளங்களுக்குத் தீங்கானவை என்பதால் ஹவாய், பலாவ் போன்ற இடங்களில் அவற்றைத் தடை செய்திருக்கிறார்கள். அன்று காலை தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். முகமூடியின் பட்டை நழுவும், சன்னமாக நீரும் கசியும். மோதிரங்களை விடுதியிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், ஏனெனில் குளிர்ந்த நீரில் விரல் சுருங்க, அவை தாமே கழன்றுவிடும்.

கேட்டமரான் அதிகம் சாய்வதில்லை என்பதால் குமட்டல் வராது என்று சிலர் உறுதியளிப்பார்கள். அது பாதி உண்மை. திறந்த கடலில் இரண்டு படகுடல்களும் அலையை வெவ்வேறு கணத்தில் சந்திப்பதால் உண்டாகும் குறுகிய, வெட்டி வெட்டி வரும் ஆட்டம் சிலருக்குச் சாய்வைவிட மோசமாக இருக்கும். பேருந்தில் மலையேறும்போது வாந்தி வருபவர்கள், மருத்துவரைக் கேட்டு அவோமின் போன்ற மாத்திரையை முந்தைய இரவே எடுத்துக்கொள்வது நல்லது. அது தூக்கம் தரும் என்பதையும் மறக்கக் கூடாது. வெறும் வயிற்றோடு வராமல் இட்லி போன்ற எளிய உணவை உண்டு வந்து, வலையில் படுக்காமல் பின்பக்க நடுவில் அமர்ந்து, தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கைபேசியைக் குனிந்து பார்ப்பதுதான் குமட்டலுக்கு நேர்வழி.

ஸ்நார்க்கலிங்

முகமூடி பொருந்தினால் பாதி வேலை முடிந்தது. பட்டையை மாட்டாமல் முகமூடியை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுத்துக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டால் அது உங்கள் அளவு. விழுந்தால் பட்டையை இறுக்குவதால் பயனில்லை, வேறொன்றைக் கேளுங்கள். ஓரத்துக்குள் ஒரு முடி சிக்கினாலும் நீர் புகும். மீசை வைத்திருப்பவர்கள் மேலுதட்டின் மேல் சிறிது வாசலின் தடவிக்கொண்டால் கசிவு குறையும். கண்ணாடியின் உட்புறத்தில் குழந்தைகளுக்கான ஷாம்பூ ஒரு துளியைத் தேய்த்து அலசினால் பனி படராது. மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்குப் பார்வைக் குறைபாட்டுக்கேற்ற கண்ணாடி பதித்த முகமூடிகள் கடைகளில் உண்டு. ஊரிலேயே வாங்கிச் செல்வது நல்லது, ஏனெனில் மங்கலாகப் பார்ப்பதற்கு அவ்வளவு தொலைவு போக வேண்டாம். முகம் முழுவதையும் மூடும் வகை முகமூடி, நீர் புகுந்தால் சட்டென்று கழற்றக் கடினமானது என்பதால் புதியவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

படகிலிருந்து நேராகக் குதிக்காமல், இடுப்பளவு நீரில் நின்று முகத்தை மட்டும் நனைத்து, வாயால் மெதுவாக இழுத்து நீளமாக விடும் மூச்சைப் பத்து நிமிடம் பழகுங்கள். குழாய்க்குள் நீர் வந்தால் தலையைத் தூக்க வேண்டியதில்லை. ஊதலை ஊதுவதுபோல் ஒரே மூச்சில் வேகமாக வெளியேற்றினால் போதும். நீந்தத் தெரியாதவர்களும் உயிர்க்காப்பு உடையோடு, ஊழியர் பிடித்திருக்கும் மிதவையைப் பற்றிக்கொண்டு மீன்களைப் பார்க்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட்டு உடையைக் கழற்றுபவர்களே ஆபத்தில் சிக்குகிறார்கள்.

நீரில் இறங்குமுன் எஞ்சின் நிற்கிறதா என்று படகைச் செலுத்தும் ஸ்கிப்பரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஏணியை நெருங்கும்போதும் அவர் கையசைத்த பிறகே வர வேண்டும். தீவுகளுக்கு இடையே நீரோட்டம் இருக்குமாதலால், முதலில் ஓட்டத்துக்கு எதிராக நீந்திச் சென்று, களைத்த பின் அதனோடு திரும்பும்படி வழியை அமைத்துக்கொள்வது பாதுகாப்பானது. இருவர் இருவராகவே செல்ல வேண்டும். படகில் ஒருவர் தலைகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். மதுவும் கனத்த உணவும் இதற்குப் பின்புதான். இந்த வரிசையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கிளி மீன்களும், கரும்பட்டை போட்ட சிறு மீன்களும், பூப்போல் விரிந்திருக்கும் கடல் சாமந்தி என்ற உயிரினத்துக்குள் ஒளியும் கோமாளி மீன்களும் கண்ணில் படும். எதையும் தொடாதீர்கள், பவளத்தின் மேல் நிற்காதீர்கள். கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீனின் முதுகு முள்ளில் கடும் நஞ்சு உண்டு. ஆழம் குறைந்த இடங்களில் கெட்டியான அடித்தோல் கொண்ட காலணி அவசியம். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில் காலை அமிழ்த்தி வைத்து, உடனே கரைக்குத் திரும்பி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மொரிஷியஸில் அவசர மருத்துவ ஊர்திக்கான எண் 114.

தீவில் இறங்கிய பின்

கேப்ரியல் தீவின் கரையைப் பெரிய படகு தொடாது. சிறு ரப்பர் படகில் தவணை தவணையாக இறக்கிவிடுவார்கள், முழங்கால் நனையும். நிழல் குறைவு, நன்னீர் கிடையாது. ஆகவே தொப்பியும், ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாத குடிநீரும் கூடவே இறங்க வேண்டும். மணலில் படுத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 1856இல் கல்கத்தாவிலிருந்து இரு கப்பல்களில் வந்த இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களைக் காலரா அச்சத்தால் இத்தீவில் இறக்கித் தனிமைப்படுத்தினார்கள். உறைவிடமும் உணவும் போதாமல் அவர்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். எதிரே பிளாட் தீவில் தெரியும் கலங்கரை விளக்கம் அதற்கு முந்தைய ஆண்டு, 1855இல், கட்டப்பட்டது. குழந்தைகளுக்கு இதைச் சொல்லிவிட்டு நடக்கவிடுங்கள்.

பவளத் துண்டையோ சங்கையோ பையில் போட்டுக்கொள்ள அனுமதிக்காதீர்கள். பவளம் இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் வருவதால், சென்னை விமான நிலையத்தில் பிடிபட்டால் அது குற்றமாகும்.

திரும்பும் நேரத்தைக் கடிகாரத்தைவிடக் கடலைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. பிற்பகலில் காற்று ஏறுவதாக ஸ்கிப்பர் சொன்னால், இன்னும் ஒரு மணி நேரம் மீதமிருக்கிறதே என்று வாதாடாமல் ஏறிவிடுங்கள். திரும்பும் வழியில் முன்வலையில் இருப்பவர்கள் நனைவது உறுதி. பைகளையும் கைபேசிகளையும் அறைக்குள் வைத்துவிட்டு, குழந்தைகளுக்கு உலர்ந்த உடை மாற்றுங்கள். கரையில் இறங்கியதும் ஊழியர்களுக்கான அன்பளிப்பை நிறுவனத்திடம் அல்லாமல் அவர்கள் கையிலேயே கொடுங்கள். சொந்த முகமூடி கொண்டுவந்தவர்கள் அன்று இரவே அதை நன்னீரில் அலசி நிழலில் உலர்த்திவிட வேண்டும். ஸ்கூபா டைவிங் செய்தவர்கள் விமானம் ஏறப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். மேற்பரப்பில் மிதந்தபடி ஸ்நார்க்கலிங் மட்டும் செய்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.