கெர்னல் டிரைவர்ல கிளாக், பவர் டொமைன்: மொதல் தடவ எழுதுறவங்களுக்கு

லினக்ஸ் கெர்னல்ல புதுசா டிரைவர் எழுதுறவங்க பெரும்பாலும் மாட்டிக்கிறது ஒரே இடத்துலதான். ரெஜிஸ்டர் அட்ரஸ் சரி, மேப் பண்ணதும் சரி, ஆனா ஒரே ஒரு ரீட் போட்டதும் போர்டு அப்படியே உறைஞ்சு நின்னுடும், கன்சோல்ல ஒரு எழுத்து வராது. அந்த ஐபி பிளாக்குக்கு (சிப்புக்குள்ள ஒரு வேலைய செய்யுற தனிப் பகுதி) கிளாக் வரல, இல்லன்னா பவரே வரல. பஸ்ல போன கேள்விக்கு பதில் சொல்ல அந்தப் பக்கம் ஆளே இல்ல, சிபியு காத்துக் கிடக்கும். சில சிப்புல எக்ஸ்டர்னல் அபார்ட்னு ஒரு ஊப்ஸ் (கெர்னலோட எரர் ரிப்போர்ட்) வரும், வந்தா அதிர்ஷ்டம்னு நினைச்சுக்கோங்க.

மொதல்ல ரெண்டுக்கும் வித்தியாசம். கிளாக்க நிறுத்தினா சுவிட்ச் ஆகறதுக்கு செலவாகுற பவர் மிச்சமாகும், ஆனா ரெஜிஸ்டர்ல இருக்கிறது அப்படியே இருக்கும், லீக்கேஜும் (சும்மா இருந்தாலும் கசியுற கரன்ட்) ஓடிக்கிட்டு இருக்கும். பவர் டொமைன, அதாவது ஒண்ணா ஆன், ஆஃப் ஆகுற பிளாக்குகளோட கூட்டத்த, ஆஃப் பண்ணா லீக்கேஜ் போயிடும், ரிட்டென்ஷன் (பவர் போனாலும் மதிப்ப காப்பாத்துற வசதி) இல்லாத பிளாக்கா இருந்தா நீங்க எழுதி வச்ச ரெஜிஸ்டரும் சேர்ந்து போயிடும்.

ஸ்டெப் 1: டிவைஸ் ட்ரீ

போர்டுல என்னென்ன இருக்குன்னு கெர்னலுக்குச் சொல்றதுதான் டிவைஸ் ட்ரீ. அதுல உங்க டிவைஸுக்கான பகுதியில, அதாவது உங்க நோடுல கிளாக்ஸ், கிளாக் நேம்ஸ், பவர் டொமைன்ஸ் மூணு ப்ராப்பர்ட்டியும் இருக்கான்னு பாருங்க. கிளாக் நேம்ஸ்ல இருக்கிற பேரும் டிரைவர்ல கேக்குற பேரும் ஒரு எழுத்து மாறினாலும் கிடைக்காது.

ஸ்டெப் 2: ப்ரோப்ல கிளாக் வாங்குறது

ப்ரோப்ங்கிறது டிவைஸும் டிரைவரும் சேருறப்போ கெர்னல் கூப்பிடுற ஃபங்ஷன். அதுல டெவ்எம் கிளாக் கெட் போட்டு வாங்குங்க, டிவைஸ் போறப்போ கெர்னலே திருப்பிக் குடுத்துடும். மைனஸ் 517 வந்தா பயப்படாதீங்க, அது ப்ரோப் டிஃபர், கிளாக் டிரைவர் இன்னும் வரல அப்புறம் வான்னு சொல்றாங்க, அவ்ளோதான். டெவ் எரர் ப்ரோப் வழியா திருப்பி அனுப்புனா லாக்ல தேவையில்லாம எரர் கொட்டாது.

ஸ்டெப் 3: ஆன் பண்றது

இதுல ஏன் ப்ரிப்பேர், எனேபிள்னு ரெண்டு இருக்குன்னு எல்லாருக்கும் குழப்பம் வரும். பிஎல்எல் (கிளாக் வேகத்த உருவாக்குற சர்க்யூட்) லாக் ஆகற வரைக்கும் காத்திருக்கணும், சில கிளாக் சிப் ஐ2சிங்கிற மெதுவான பஸ்ஸுக்குப் பின்னாடி இருக்கும், அதனால ப்ரிப்பேர் தூங்கலாம். எனேபிள் தூங்கவே கூடாது, ஸ்பின்லாக் (பிடிச்சிருக்கப்போ தூங்கக் கூடாத பூட்டு) பிடிச்சுக்கிட்டும் கூப்பிடலாம். ப்ரோப்ல ரெண்டையும் சேர்த்த கிளாக் ப்ரிப்பேர் எனேபிள் போதும், ஆனா இன்டரப்ட் ஹேண்ட்லர்ல அத கூப்பிட்டுடாதீங்க. 2012ல 3.4 கெர்னல்ல காமன் கிளாக் ஃப்ரேம்வொர்க் வந்ததுல இருந்து இதுக்கெல்லாம் பொது கோர் இருக்கு. எத்தன தடவ எனேபிளோ அத்தன தடவ டிஸேபிள், எல்லாமே எண்ணிக்கை கணக்கு.

ஸ்டெப் 4: பவர் டொமைன்

ஒரே டொமைன்னா நீங்க தனியா ஒண்ணும் பண்ண வேணாம், ப்ரோப்புக்கு முன்னாடியே கோர் அட்டாச் பண்ணிடும். உங்க வேலை ரன்டைம் பிஎம், அதாவது வேலை இல்லாதப்போ டிவைஸ தூங்க வைக்கிற கெர்னல் வசதி. அத எனேபிள் பண்ணாம விட்ட ஒரு டிவைஸ் போதும், அந்த மொத்த டொமைனும் ஆஃப் ஆகாம நிக்கும், பேட்டரி ஏன் இறங்குதுன்னு வேற எங்கயோ தேடிக்கிட்டு இருப்பீங்க.

ரன்டைம் சஸ்பெண்ட் கால்பேக்ல தேவையான ரெஜிஸ்டர சேவ் பண்ணிட்டு கிளாக்க நிறுத்துங்க, ரெஸ்யூம்ல கிளாக்க ஆன் பண்ணிட்டு ரெஜிஸ்டர திரும்ப எழுதுங்க. உங்க ரெஸ்யூம் கூப்பிடப்படுறதுக்கு முன்னாடியே டொமைன் ஆன் ஆகியிருக்கும், அதனால பவர் முன்னாடி கிளாக் பின்னாடிங்கிற வரிசை தானா வந்துடும். ரீசெட் லைன் எப்போ விடணும்னு மட்டும் உங்க சிப் மேனுவல்ல பாருங்க, அது சிப்புக்கு சிப் மாறும்.

ஸ்டெப் 5: தொடுறதுக்கு முன்னாடி எடு, முடிச்சதும் வை

ரெஜிஸ்டர தொடுறதுக்கு முன்னாடி பிஎம் ரன்டைம் ரெஸ்யூம் அண்ட் கெட், வேலை முடிஞ்சா புட் ஆட்டோசஸ்பெண்ட். பழைய கோடுல கெட் சிங்க் இருக்கும், அது ஃபெயில் ஆனாலும் யூசேஜ் கவுண்ட (டிவைஸ எத்தன பேர் பிடிச்சிருக்காங்கங்கிற எண்ணிக்கை) ஏத்திடும், எரர் வந்தா உடனே ரிட்டர்ன் பண்ணிட்டு போறவங்க அங்கதான் வழுக்கி விழுவாங்க. 5.10 கெர்னல்ல ரெஸ்யூம் அண்ட் கெட் வந்ததே அதுக்குத்தான். மைனஸ் 13 வருதுன்னா பிஎம் ரன்டைம் எனேபிள் போட மறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொண்ணு, ஷேர்டு இன்டரப்ட் லைனா இருந்தா பக்கத்து டிவைஸுக்கு வந்த இன்டரப்ட்டுக்கும் உங்க ஹேண்ட்லர் ஓடும், அப்போ உங்க பிளாக் தூங்கிட்டு இருக்கலாம், ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர படிச்சீங்கன்னா திரும்ப அதே உறைஞ்ச போர்டுதான்.

ஸ்டெப் 6: பூட்லோடர் ஏமாத்துறது

நானே இதுல ரெண்டு நாள் தொலைச்சிருக்கேன். என் டிரைவர்ல கிளாக் எனேபிளே இல்ல, ஆனா நல்லா ஓடிச்சு, ஏன்னா கெர்னல ஏத்தி விடுற பூட்லோடர் கிளாக்க ஆன் பண்ணி விட்டுட்டு போயிருந்துச்சு. பூட் முடியுற நேரத்துல கெர்னல் யாரும் கேக்காத கிளாக்க எல்லாம் வரிசையா அணைக்கும், அப்போ செத்துச்சு. நான் கடைசியா மாத்துன கோடத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். இப்படி சந்தேகம் வந்தா பூட் ஆர்குமென்ட்ல கிளாக் இக்னோர் அன்யூஸ்டு போட்டுப் பாருங்க, டொமைனுக்கு பிடி இக்னோர் அன்யூஸ்டு. வார்த்தைக்கு நடுவுல ஸ்பேஸ் கிடையாது, அண்டர்ஸ்கோர். அத போட்டதும் சரியாயிடுச்சுன்னா எங்கயோ ஒரு எனேபிள் விட்டுப்போச்சுன்னு அர்த்தம், அத சரி பண்ணிட்டு ஆர்குமென்ட்ட எடுத்துடுங்க, அதோடயே ப்ராடக்ட்ட அனுப்பிடாதீங்க.

ஸ்டெப் 7: கண்ணால பாக்குறது

டீபக்எஃப்எஸ்ஸ (கெர்னலோட உள் நிலவரத்த ஃபைலா காட்டுறது) மவுன்ட் பண்ணிட்டு கிளாக் சம்மரிய பாருங்க, ஒவ்வொரு கிளாக்குக்கும் எனேபிள் கவுண்ட், ப்ரிப்பேர் கவுண்ட், ரேட் எல்லாம் இருக்கும். பிஎம் ஜென்பிடி சம்மரில எந்த டொமைன் ஆன், அத எந்த டிவைஸ் பிடிச்சு வச்சிருக்குன்னு தெரியும். அப்புறம் மாட்யூல பத்து தடவ ஏத்தி இறக்குங்க, எனேபிள் கவுண்ட் ஒவ்வொரு தடவையும் ஒண்ணு ஏறிக்கிட்டே போச்சுன்னா ரிமூவ்லயோ ப்ரோப்போட எரர் பாத்லயோ ஒரு டிஸேபிள் விட்டுப்போயிருக்கு, அங்கிருந்து தேட ஆரம்பிங்க.