வடசென்னைத் தெருவில் பிளாட்பாரம்: அகலத்துக்கு முன் உயரத்தைப் பாருங்கள்

பிளாட்பாரம் போடும் பேச்சு எழுந்தாலே சண்டை அகலத்தைப் பற்றித்தான். கடைக்காரர் எவ்வளவு விடுவார், வண்டிக்கு எவ்வளவு போகும் என்பதிலேயே கூட்டம் முடிந்துவிடும். ஆனால் போட்டு முடித்த பிளாட்பாரத்தை விட்டுவிட்டு ஜனங்கள் ஏன் ரோட்டில் நடக்கிறார்கள் என்று தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ நின்று பாருங்கள். பெரும்பாலும் உயரம்தான் காரணம். மழைநீர் வடிகாலின் மூடியே பிளாட்பாரமாகிவிடுகிறது. அது ரோட்டிலிருந்து ஓர் அடி எழும்பி நிற்க, பக்கத்து வீட்டு வாசலோ ரோட்டுக்கும் கீழே கிடக்கும். முட்டி வலிக்காரர் அதில் ஏற மாட்டார், சக்கர நாற்காலி ஏறவே முடியாது. அதனால் வேலையை லெவலில் தொடங்குங்கள்.

லெவல் எடுப்பது

30 மீட்டர் டேப், 15 மீட்டர் டியூப், சாக்பீஸ், ஒரு நோட்டு போதும். கொத்தனார் பயன்படுத்தும் அதே டியூப் லெவல்தான்: தண்ணீர் நிரப்பினால் இரு முனையிலும் அது ஒரே மட்டத்தில் நிற்கும். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் அளவு பொய் சொல்லும், தண்ணீரை மெதுவாக நிரப்புங்கள். தெருவில் அசையாத ஒரு புள்ளியை, உதாரணமாகக் கோயிலின் அல்லது பழைய கட்டடத்தின் அடிப்பீடத்தை, ஆதாரமாக வைத்துக்கொண்டு 10 மீட்டருக்கு ஒருமுறை ஐந்து அளவு எடுங்கள்: சுவருக்குச் சுவர் அகலம், ரோட்டின் நடு மட்டம், ரோட்டோர மட்டம், வடிகால் மூடியின் மட்டம், வீட்டு வாசற்படி மட்டம். கடைசி அளவை விட்டுவிட்டால் மழைக்காலத்தில் முதல் சண்டை அங்கேதான் வரும்.

இந்திய சாலை காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டி, கெர்ப் கல், அதாவது பிளாட்பாரத்தின் ஓரக்கல், ரோட்டோரத்திலிருந்து அதிகபட்சம் 15 செ.மீ. உயரம் இருக்கலாம் என்கிறது. 10 செ.மீ.க்குக் குறைந்தால் பைக் எளிதாக ஏறிவிடும், 20-ஐத் தாண்டினால் வயதானவர்கள் இறங்கி ரோட்டில் நடப்பார்கள். பிளாட்பாரத்தின் குறுக்குச் சரிவு 50-க்கு 1, ரோட்டுப் பக்கம் சாய வேண்டும். 1.8 மீட்டர் அகலத்துக்கு அது 3.6 செ.மீ. மட்டுமே. அதற்கு மேல் சாய்ந்தால் சக்கர நாற்காலி ரோட்டை நோக்கியே இழுக்கும், தள்ளுகிறவருக்கு ஒரு கை மட்டும் வலிக்கும்.

வாசல்கள் ரோட்டுக்குக் கீழே இருந்தால் பிளாட்பாரத்தை உயர்த்திப் பயனில்லை, ரோட்டைத்தான் தாழ்த்த வேண்டும். 40 மி.மீ. தார் போட வேண்டுமானால் முதலில் பழைய தாரை 40 மி.மீ. மில்லிங் செய்து, அதாவது இயந்திரத்தால் சுரண்டி, எடுக்க வேண்டும். சுரண்டாமல் இரண்டு முறை போட்டால் 15 செ.மீ. கெர்ப் 7 செ.மீ. ஆகிவிடும், தண்ணீர் வீட்டுக்குள் போகும், அப்புறம் கெர்பை உயர்த்து என்பார்கள். இந்த வட்டத்தை முதல் நாளே எழுத்தில் நிறுத்துங்கள்.

எந்தத் தெருவுக்குப் பிளாட்பாரம்

எல்லாத் தெருவுக்கும் வேண்டியதில்லை. சுவருக்குச் சுவர் 7 மீட்டர் உள்ள தெருவில் இரு பக்கமும் 1.8 மீட்டர் போட்டால் நடுவில் 3.4 மீட்டர்தான் மிஞ்சும். அதில் ஒரு தண்ணி லாரியும் ஒரு ஆட்டோவும் எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் பிளாட்பாரத்தில் ஏறித்தான் ஆக வேண்டும். அங்கே கெர்பே வேண்டாம். முழுத் தெருவையும் ஒரே மட்டமாக்கி, நடப்பவரே தெருவுக்குச் சொந்தக்காரர் என்று வைத்து, வண்டி மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் போகாதபடி 20–30 மீட்டருக்கு ஒரு மேடையோ வளைவோ கொடுங்கள். அரைகுறையாக 60 செ.மீ. பிளாட்பாரம் போடுவதுதான் படுமோசம்: அதில் பைக் நிற்கும், வேறெதுவும் நடக்காது.

9 மீட்டருக்கு மேல் உள்ள தெருவில் பிளாட்பாரத்தை மூன்று பட்டையாகப் பிரியுங்கள். சுவரை ஒட்டிய பட்டை கடை வாசலில் நின்று பார்ப்பவருக்கு. நடுப்பட்டை நடப்பவருக்கு: தடையின்றி 1.8 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம். ரோட்டோரப் பட்டையில் மரம், விளக்குக் கம்பம், மின் பில்லர் பாக்ஸ், குப்பைத் தொட்டி, கடை எல்லாம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு மாதிரி ஜவுளிக்கடை வரிசையில் கடை ஓரமாக இன்னும் ஒரு மீட்டர் வேண்டும், ஏனென்றால் புடவை பார்க்கிறவர் நகர மாட்டார். ஆள் எண்ணுவதைத் தீபாவளிக்கு முந்திய ஞாயிறு மாலையில் செய்யுங்கள். செவ்வாய்க்கிழமை காலைக் கணக்கை வைத்துப் போட்ட பிளாட்பாரம் பண்டிகை நாளில் ரோட்டில் வழியும்.

சரிவுப்பாதை

அதிகம் சொதப்புவது இங்கேதான். சரிவு 12-க்கு 1 என்றால் 15 செ.மீ. கெர்புக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும். அகலம் குறைந்தது 1.2 மீட்டர், மேலே திரும்ப 1.5 மீட்டர் சமதளம். பிளாட்பாரமே 1.8 மீட்டர்தான் என்றால் பிளாட்பாரத்துக்குக் குறுக்காக ரோட்டை நோக்கிச் சரிவு போட்டால் மேலே திரும்ப இடம் இருக்காது. இடமில்லாத இடத்தில் பிளாட்பாரத்தையே இரு பக்கத்திலிருந்தும் 1.8 மீட்டர் நீளத்துக்கு மெதுவாக இறக்கி, நடுவில் ரோட்டு மட்டத்தில் 1.5 மீட்டர் தளம் விடுங்கள். இதைச் செய்யாமல் 60 செ.மீ. நீளத்தில் ஒரு சிமென்ட் வழுக்குப்பலகை போட்டுவிட்டு ராம்ப் இருக்கிறது என்று பில் போடுவது வழக்கம். அது 4-க்கு 1 சரிவு. ஏறும்போது நாற்காலி பின்னால் கவிழும்.

சரிவின் கீழ்முனையில் ரோடும் ராம்பும் சேரும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். விளிம்பு 5 மி.மீ.க்கு மேல் நிற்கக் கூடாது. தார் போட்டவர் 3 செ.மீ. பள்ளமோ மேடோ விட்டுப் போனால் நாற்காலியின் முன்னால் உள்ள சின்னச் சக்கரம் அதில் முட்டி நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்வார். தண்ணீர் தேங்குவதும் அங்கேதான். வடிகாலுக்குள் நீர் இறங்கும் துவாரத்தை ராம்புக்கு மேல்புறமாக, தண்ணீர் வரும் திசையில் வையுங்கள்.

வீட்டு வாசலுக்கு வாசல் கார் ஏறப் பிளாட்பாரத்தை வெட்டினால் அது கடல் அலை மாதிரி ஏறி இறங்கும். நடப்பவரின் மட்டம் மாறக் கூடாது, கார்தான் ஏறி இறங்க வேண்டும். சரிவை ரோட்டோரப் பட்டைக்குள் முடியுங்கள்.

பைக்கைத் தடுக்க நடும் இரும்புத் தூண் பற்றி ஒரு வார்த்தை. பைக்கின் ஹேண்டில் அகலமும் சக்கர நாற்காலியின் அகலமும் ஏறக்குறைய ஒன்றே. கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டி இரண்டையும் விட அகலம். பைக்கை மட்டும் தடுத்து நாற்காலியை மட்டும் விடும் இடைவெளி என்று ஒன்று உலகத்தில் இல்லை. தூணுக்குத் தூண் குறைந்தது 1.2 மீட்டர் விடுங்கள், காரைத் தடுப்பதோடு அது நிற்கட்டும். பைக்குக்கு அருகிலேயே நிறுத்துமிடம் கோடு போட்டுக் கொடுங்கள், ராம்ப் இல்லாத நீளத்தில் கெர்பை அறுபடாமல் ஓட்டுங்கள். வளைந்து நுழையும் கேட் வைத்தால் அடிபடுவது மாற்றுத்திறனாளி மட்டும்தான், பைக்காரர் எப்படியாவது நுழைந்துவிடுவார்.

தண்ணித் தொட்டி, தள்ளுவண்டி, பந்தல்

இவை இல்லாத வரைபடம் நம் ஊருக்கு ஆகாது. தெருவோரச் சின்டெக்ஸ் தொட்டியும் அடிபம்பும் நடுப்பட்டையில் இருந்தால் ரோட்டோரப் பட்டைக்கு நகர்த்துங்கள். தொட்டிக்கு முன் 1.2 மீட்டர் ஆழத்துக்குக் குடம் வைக்கவும் வரிசை நிற்கவும் இடம், குடத்தை இடுப்புக்குத் தூக்கச் சுமார் 45 செ.மீ. உயரத் திட்டு, சிந்தும் தண்ணீர் நேராக வடிகாலுக்குப் போக ஒரு கிராதி. கிராதியின் கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்கட்டும், இடைவெளி 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம். நீளவாட்டில் போட்டால் சக்கரமும் கைத்தடியும் மாட்டும்.

தெருவோர வியாபாரிகளை வரைபடத்துக்கு வெளியே வைத்தால் ஒரே வாரத்தில் அவர்கள் நடுப்பட்டைக்கு வந்துவிடுவார்கள். 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தள்ளுவண்டிக்கு ரோட்டோரப் பட்டையில் 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் ஆழம். வாங்குபவர் நிற்க 60 செ.மீ. தனியாகக் கணக்கில் வையுங்கள், அது 1.8-இல் கழியக் கூடாது. கடை பிளாட்பாரத்தைப் பார்த்திருக்கட்டும். ரோட்டைப் பார்த்திருந்தால் வாங்குபவர் பஸ்ஸுக்கு முன்னால் நிற்பார். காசிமேட்டுப் பக்கம் மீன் விற்கும் இடத்தில் குழாயும் தனி வடிகாலும் கட்டாயம். மீன் தண்ணீர் பட்ட வழவழப்பான டைல்ஸில் நடக்கவே முடியாது, சுடர் காட்டிச் சொரசொரப்பாக்கிய கிரானைட் அல்லது சொரசொரப்பான கான்கிரீட் போடுங்கள்.

ஆடி மாதம் கூழ் ஊற்றும் பந்தலுக்கு வருடா வருடம் பேவர் பிளாக்கைப் பெயர்த்துக் கால் நடுவார்கள். தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். பந்தல் வழக்கமாக நிற்கும் இடத்தில் 3 மீட்டருக்கு ஒன்றாக மூடி போட்ட ஜி.ஐ. பைப்பைக் கான்கிரீட்டில் புதைத்துவிட்டால் கம்பம் அதில் இறங்கிக்கொள்ளும். செலவு சொற்பம்.

பார்வையற்றவருக்கு

மஞ்சள் டைல்ஸ் இரண்டு வகை: கோடு போட்டது வழி சொல்லும், புள்ளி போட்டது நில் என்று எச்சரிக்கும். புள்ளி டைல்ஸை ராம்பின் மேல், கடக்கும் இடத்தில், பஸ் நிறுத்தத்தில் கெர்பிலிருந்து 30 செ.மீ. உள்ளே தள்ளிப் போடுங்கள். கோட்டு டைல்ஸின் இரு பக்கமும் 60 செ.மீ. காலியாக இருக்க வேண்டும். பில்லர் பாக்ஸில் போய் முட்டும் மஞ்சள் கோடு, கோடே இல்லாததை விட ஆபத்து.

கைத்தடிக்குச் சிக்காதவற்றைத் தேடிப் பிடியுங்கள்: கம்பத்தைச் சாய்வாக இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி, நெற்றி உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏ.சி. பெட்டி, பாதி இறக்கிய ஷட்டர். ஸ்டே கம்பியை நகர்த்த முடியாவிட்டால் அதன் அடியில் 15 செ.மீ. உயரத்தில் ஒரு கெர்ப் வளையம் கட்டுங்கள். தடி அதில் பட்டால் ஆள் விலகிப் போவார்.

கடப்பதும் பஸ் ஏறுவதும்

சந்து மெயின் ரோட்டில் சேரும் வாயில் பிளாட்பாரத்தை இறக்காதீர்கள், அதே மட்டத்தில் மேடையாகக் கடந்து போகட்டும். மேடையின் இரு ஓரமும் தண்ணீர் போக மூடியிட்ட கால்வாய் விடாவிட்டால் சந்து குளமாகும், அடுத்த மழையில் மக்களே அதை உடைத்துவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கும். கன்டெய்னர் லாரி திரும்பும் எண்ணூர், மணலிச் சாலை முனைகளில் வளைவைச் சுருக்க முடியாது. அங்கே லாரியின் பின் சக்கரம் மட்டும் ஏறக்கூடிய தாழ்ந்த கல்தளம் போட்டு, நடப்பவர் காத்திருக்கும் இடத்தை அதற்கும் உள்ளே தள்ளி வையுங்கள். சிக்னல் நேரத்தை நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று போடுவார்கள். ஸ்டான்லி மருத்துவமனை மாதிரி இடத்துக்கு 0.8 எடுங்கள். 14 மீட்டர் ரோட்டுக்கு 12 நொடி போதாது, 18 வேண்டும்.

தாழ்தளப் பேருந்தின் தளம் சுமார் 40 செ.மீ. உயரம். 15 செ.மீ. கெர்பை ஒட்டி நின்றால் சக்கர நாற்காலிக்காக பஸ்ஸிலிருந்து இறக்கும் பலகை 25 செ.மீ.தான் ஏற வேண்டும். ஆட்டோ நிற்பதால் பஸ் நடு ரோட்டில் நின்றால் அதே பலகை செங்குத்தாகிவிடும். அதனால் பஸ் நீளத்துக்கு ஆட்டோ நிற்காமல் பார்ப்பதும் வடிவமைப்புதான். நிழற்குடைக்குப் பின்னால் 1.8 மீட்டர் நடைவழி விடுங்கள். மெட்ரோ நிலையம் பக்கம் என்றால் லிஃப்ட் உள்ள வாசல் எது என்று பார்த்து, அந்த வாசலிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.

தளமும் மூடியும்

நடப்பவருக்கு மட்டும் என்றால் 60 மி.மீ. பேவர் பிளாக், கார் ஏறும் இடத்தில் 80. அடியில் 150 மி.மீ. ஜல்லிப் படுகை, மேலே 30 மி.மீ. மணல், ஓரத்தில் அசையாத கெர்ப். வடிகால் சுவரில் இடுக்கு இருந்தால் மணல் அதன் வழியே உள்ளே போய்விடும், ஆறு மாதத்தில் பிளாக் ஆடும். முதலில் இடுக்கை அடையுங்கள். மேன்ஹோல் மூடி பிளாட்பாரத்தோடு ஒரே மட்டம், ஆட்டமில்லாமல். மரத்தைச் சுற்றி 1.2 மீட்டர் சதுரம் மண்ணாக விடுங்கள். கடல்காற்றுக்குப் பூவரசும் புங்கனும் தாங்கும்.

முதல் 20 மீட்டர் முடிந்ததும் நிறுத்திச் சோதியுங்கள். மூன்று சக்கர வண்டி ஓட்டுபவர், கைத்தடியோடு நடப்பவர், குடம் தூக்கும் பெண், பள்ளிப் பிள்ளை ஆகியோரை வரவழைத்து, இருட்டிய பின்பும் ஒரு மழைக்குப் பின்பும் நடக்கவிட்டு, அவர்கள் தயங்கும் இடத்தில் சாக்பீஸால் குறியுங்கள். மீதியை அதன் பிறகு போடலாம்.

ரோடு யாருடையது என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாநகராட்சியில் பேருந்து செல்லும் சாலைகளுக்குத் தனித் துறை, உட்புறத் தெருக்கள் மண்டலத்தின் பொறுப்பு. வார்டுக்குள் பகுதிவாசிகள் கூடும் ஏரியா சபையில் தீர்மானமாகப் பதிவு செய்து, ஆதாரப் புள்ளியின் மட்டத்தையும் கெர்ப் உயரத்தையும் அதில் எழுதுங்கள். கேபிளோ குழாயோ புதைக்கத் தோண்டுபவர் 15 செ.மீ. அடுக்காக மண்ணைக் கெட்டித்து, அதே பிளாக்கை அதே மட்டத்தில் திரும்பப் பதிக்க வேண்டும் என்ற வரியும் அதிலேயே இருக்கட்டும். புகாருக்கு மாநகராட்சியின் 1913 எண், கூடவே டேப் வைத்து எடுத்த ஒரு படம்.