ராய் இசையைக் கேட்டுப் பழகும் முறை: பாபா அகமது சகோதரர்களின் ஒலிப்பதிவுக் கூடத்தின் வழியே

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களும் பாரிஸில் உறவினர் உள்ளவர்களும் அல்ஜீரியப் பாடகர் காலித்தின் 1992ஆம் ஆண்டுப் பாடலான ‘திதி’யை எங்கேனும் கேட்டிருப்பார்கள். அதோடு நின்றுவிடாமல் அல்ஜீரியாவின் ராய் இசைக்குள் முறையாக நுழைய விரும்புவோர், பாடகர்களின் பெயர்களை வரிசையாகத் தேடுவதைவிட, த்லெம்சென் நகரத்துச் சகோதரர்களான ரஷீத் பாபா அகமது, ஃபெத்தி பாபா அகமது ஆகியோரின் வேலையைப் பின்தொடர்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. இன்று நாம் அறியும் ராயின் ஒலி, பாடகரின் குரலுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறதோ, அவ்வளவு ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் நேரே அவர்களிடம் போய்விடாதீர்கள். மூத்த ராய்ப் பாடகி ஷேக்கா ரிமித்தியின் (1923–2006) பழைய பதிவு ஒன்றை முதலில் கேளுங்கள். கஸ்பா என்னும் நாணல் குழலும் குவெல்லால் என்னும் கைத்தாளக் கருவியும் தவிர அவருடைய கரகரத்த குரலுக்கு வேறு துணை அநேகமாக இருக்காது. அடுத்து, ட்ரம்பெட்டை ராய்க்குள் கொண்டுவந்த மெசாவுத் பெலெமுவைக் கேளுங்கள். இவ்விரண்டும் காதில் பதிந்த பிறகுதான் சகோதரர்கள் எதை மாற்றினார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்பது பிடிபடும்.

த்லெம்சென், பழைய முஸ்லிம் ஸ்பெயினின் வழிவந்த ஆந்தலூசிய மரபிசைக்குப் பேர்போன பழைய நகரம். ராயோ அல்ஜீரியத் துறைமுக நகரமான ஓரான் பகுதியின் கல்யாண வீடுகளிலும் மதுக்கூடங்களிலும் வளர்ந்த இசை. 1970களில் மேற்கத்திய பாப் இசையின் சாயலில் இருவராகச் சேர்ந்து பாடிய இச்சகோதரர்கள், பின்னர் தங்கள் ஊரிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார்கள். ரஷீத் தயாரிப்பாளராக அமர்ந்து, சின்தசைசர், ரிதம் மெஷின், மல்டிடிராக் பதிவு ஆகியவற்றை ராயின் இயல்பான கருவிகளாகவே ஆக்கினார். மல்டிடிராக் முறையில் குரலைத் தனியே பதிந்துவிட்டு, பாடகர் போன பின்னும் அதன்மீது கருவிகளை ஒவ்வொன்றாக அடுக்கலாம் என்பதால், பாட்டின் உருவத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பில் பெரும்பங்கு தயாரிப்பாளரின் கைக்கு வந்தது.

இதைக் காதால் உணர 1983இல் வெளிவந்த ‘ந்செல் ஃபீக்’ பாடலே சிறந்த பாடம். பாடியவர்கள் கணவன் மனைவியான ஷெப் சஹ்ராவியும் ஷாபா ஃபதேலாவும், தயாரித்தவர் ரஷீத். கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் பேஸ் என்னும் தாழ்ந்த சுர ஒலி காணாமல் போகும் என்பதால் ஹெட்ஃபோன் அவசியம். முதல் தடவை குரல்களை மட்டும் கவனியுங்கள்: ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும்போது யார் வரியை விட்டுக்கொடுக்கிறார், யார் எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். இரண்டாம் தடவை குரல்களை விட்டுவிட்டு, சலிக்காமல் ஒரே அளவில் ஓடும் தாளத்தையும் அதன்கீழ் நகரும் பேஸையும் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தடவை, வரிகளுக்கு இடையே கீபோர்டு எங்கே நுழைகிறது, எங்கே பின்வாங்கிக் குரலுக்கு வழிவிடுகிறது என்பதைக் கேளுங்கள். தாளம் இயந்திரத்துடையதாக இருந்தும் குரல் அதற்குக் கட்டுப்படாமல் இழைந்தும் நெளிந்தும் போவதில்தான் இப்பாட்டின் உயிர் இருக்கிறது. நம் ஊர்க் கச்சேரிகளில் மிருதங்கத்தோடு பாடகர் கொள்ளும் உறவைக் கவனித்துப் பழகிய காதுக்கு இது விரைவில் கைவரும்.

இணையத்தில் தேடும்போது அரபுப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் பலவிதமாக வரும் என்பதால், ஒரு வடிவத்தில் கிடைக்காததை மற்றொரு வடிவத்தில் தேடுங்கள். ராய் முதலில் கேசட்டால் பரவிய இசை. எனவே பாரிஸில் உள்ள உறவினர் யாரேனும் ஊருக்கு வரும்போது, ஒருகாலத்தில் ராய் கேசட் வியாபாரத்துக்குப் பேர்போன, அந்நகரின் பார்பெஸ் வட்டாரத்தில் பழைய பதிவுகளை விசாரிக்கச் சொல்லலாம். சொல்தா (பிரெஞ்சு ராணுவ வீரர்) குடும்பங்களில் இவ்விசையை ஒலிக்கவிடும்போது மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த நம்மவர்களில் சிலர் அல்ஜீரியப் போரிலும் பணியாற்றியவர்கள். அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு அந்நாட்டின் பெயர் வேறு நினைவுகளைக் கிளறக்கூடும்.

ஓரானில் 1985இல் நடந்த ராய் விழாவும், பாரிஸ் அருகே பொபினியில் 1986இல் நடந்த விழாவும் இவ்விசைக்கு வெளிப்படையான மேடை தந்தன. காலித் 1988இல் இசையமைப்பாளர் சஃபி புத்தெல்லாவுடன் வெளியிட்ட ‘குட்ஷே’ ஆல்பத்தை இதற்குப் பின் கேட்டால், த்லெம்செனில் தொடங்கிய வேலை எவ்வளவு தூரம் போனது என்பது தெளிவாகும். அடுத்த சில ஆண்டுகளில் அல்ஜீரியாவில் வன்முறை மூண்டது. 1994 செப்டம்பர் 29 அன்று ஓரானில் பாடகர் ஷெப் ஹஸ்னியும், 1995 பிப்ரவரி 15 அன்று த்லெம்செனில் ரஷீதும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இவற்றைப் பதிந்த மனிதர் அந்த வன்முறையில் உயிரையே இழந்தார் என்பதை, இப்பதிவுகளைக் கேட்கும் எவரும் அறிந்திருக்க வேண்டும். ரஷீதின் பெயர் தாங்கிய தொகுப்பு ஒன்று கையில் கிடைத்தால், அட்டையில் உள்ள ஆண்டை அப்படியே நம்பாதீர்கள்; அது மறுவெளியீட்டின் ஆண்டாக இருக்கலாம். ஒவ்வொரு பாட்டும் முதலில் கேசட்டாக வந்த ஆண்டைத் தேடிப் பிடித்து, அந்த வரிசையில் கேளுங்கள்.