அட்மெகா328பி: ஏடிசி அளவு தப்புகிறதா, தூக்கத்திலும் பேட்டரி கரைகிறதா?

அர்டுயினோ ஊனோவில் எல்எம்35 வெப்ப உணரியை மாட்டி, அனலாக் பின்னைப் படித்துத் திரையில் எண்ணை வரவழைப்பது சுலபம். அந்தப் போர்டின் மூளையான அதே அட்மெகா328பி சிப்பைத் தனியாக எடுத்துப் பேட்டரியில் ஓட்டும்போதுதான் தலைவலி: எண் குதிக்கும், சிப்பைத் தூங்க வைத்தாலும் பேட்டரி சீக்கிரம் தீரும். இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஏடிசியை, அதாவது மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதியை, எந்த வரிசையில் எழுப்புகிறோம், எந்த வரிசையில் அணைக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான கோளாறு ஒளிந்திருக்கிறது. கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும், தொடங்கலாம்.

படி 1: நிரலைத் தொடாதீர்கள், ரெஃபரன்ஸை அளங்கள்

இந்த ஏடிசி 10 பிட். உள்ளே வரும் மின்னழுத்தம் ரெஃபரன்ஸில் (ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் மின்னழுத்தத்தில்) எத்தனை பங்கு என்பதைத்தான் 0 முதல் 1023 வரையிலான எண்ணாகச் சொல்கிறது. ரெஃபரன்ஸ் எவ்வளவு என்று தெரியாமல் அந்த எண்ணை நம்புவது, எடைக்கல்லின் எடை தெரியாமல் சாமான் நிறுப்பது போலத்தான்.

யூஎஸ்பி வழியாக வரும் 5 வோல்ட் பல நேரம் 5 வோல்ட்டாக இருக்காது. ரெஃபரன்ஸை அளக்க உதவும் ஏரெஃப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். 4.7 என்று காட்டுகிறது, நிரலிலோ 5 என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் கொடுக்கும். 25 டிகிரிக்கு 250. ஏடிசியில் கிடைப்பது 54. அதை 5 வோல்ட் கணக்கில் பெருக்கினால் 26.4 டிகிரி வரும். உணரியில் ஒரு குறையும் இல்லை.

5 வோல்ட் ரெஃபரன்ஸில் ஒரு படி 4.88 மில்லிவோல்ட், அதாவது ஏறக்குறைய அரை டிகிரி. எண் அரை அரை டிகிரியாகத் தாவுவதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம், அது கணக்கு. உள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு மாறினால் ஒரு படி 0.1 டிகிரி அளவுக்கு இறங்கும். ஆனால் அந்த 1.1 சிப்புக்குச் சிப்பு மாறும், 1.0 முதல் 1.2 வரை எங்கேயும் இருக்கலாம் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. உங்கள் சிப்பில் உள் ரெஃபரன்ஸைத் தேர்ந்தெடுத்து, ஒரு முறை படித்து, ஏரெஃப் பின்னை மீட்டரால் அளந்து, கிடைத்த எண்ணை நிரலில் போடுங்கள். ஏரெஃப் பின்னில் வெளி மின்னழுத்தம் எதையாவது இணைத்திருந்தால் மட்டும் இதைச் செய்யவே கூடாது. இரண்டும் உள்ளே ஷார்ட் ஆகும்.

படி 2: முதல் அளவைத் தூக்கிப் போடுங்கள்

அர்டுயினோவில் ரெஃபரன்ஸை மாற்ற அனலாக்ரெஃபரன்ஸ் என்று எழுதி, காத்திருக்க ஒரு டிலே போட்டு, பிறகு படிக்க அனலாக்ரீட் போடுகிறோம். ஆனால் அந்த டிலே வீண். ஊனோ போன்ற ஏவிஆர் சிப் போர்டுகளில் அனலாக்ரெஃபரன்ஸ் உங்கள் விருப்பத்தைக் குறித்து வைப்பதோடு சரி. மாற்றம் நிகழ்வது அடுத்த அனலாக்ரீட்டில்தான். ஏரெஃப் பின்னில் உள்ள 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் அப்போதும் 5 வோல்ட்டில் நிற்கும், மெதுவாகத்தான் வடியும். எனவே வரிசை இப்படி: ரெஃபரன்ஸை மாற்று, ஒரு முறை படித்து வீசு, காத்திரு, மறுபடி படி. நான் 30 மில்லிசெகண்ட் விடுவேன்.

படி 3: பின்னுக்குப் பின்னால் எத்தனை ஓம்?

ஏடிசிக்குள் 14 பிகோஃபாரட் அளவில் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் இருக்கிறது. நீங்கள் இணைத்திருக்கும் சர்க்யூட் அதைச் சட்டென்று நிரப்ப வேண்டும். 10 கிலோ ஓமுக்குக் கீழே இருந்தால் நல்லது. மின்சாரத்தை மிச்சப்படுத்தவென்று இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களை வைத்துப் பேட்டரியை அளந்தால், ஏடிசிக்குத் தெரிவது 500 கிலோ ஓம். நோயை எளிதில் கண்டுபிடிக்கலாம்: பக்கத்துப் பின்னைப் படித்த கையோடு இதைப் படித்தால் அந்தப் பின்னின் வாசனை இதிலும் அடிக்கும். கீழ் ரெசிஸ்டருக்கு (கிரவுண்டோடு சேர்வது) குறுக்கே 100 நானோஃபாரட் வையுங்கள், அடங்கிவிடும்.

ஏடிசி கடிகாரம் 50 முதல் 200 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கட்டும். 16 மெகாஹெர்ட்ஸை 128ஆல் வகுத்தால் 125. அர்டுயினோ தானாகவே அப்படித்தான் வைக்கிறது.

படி 4: அளக்கும்போது மட்டும் ஒரு குட்டித் தூக்கம்

ஏடிசி இரைச்சல் குறைப்பு என்றே ஒரு தூக்க நிலை இதில் உண்டு. சிபியு நிற்கும், ஏடிசி அமைதியில் அளக்கும், முடிந்ததும் இன்டரப்ட், அதாவது குறுக்கிட்டு அழைக்கும் சிக்னல், சிபியுவை எழுப்பும். ஏடிசியும் அதன் இன்டரப்டும் இயங்கும் நிலையில் இந்தத் தூக்கத்துக்குப் போனாலே அளவெடுப்பு தானாகத் தொடங்கும். அந்த இன்டரப்டுக்கு ஒரு காலி ஃபங்ஷனாவது எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் நிரல் முதலிலிருந்து தொடங்கும், நீங்கள் பவர் சப்ளையைச் சந்தேகித்துக்கொண்டு இருப்பீர்கள். தூங்கும் முன் சீரியல் ஃப்ளஷ் (அனுப்ப மிச்சமிருக்கும் எழுத்துகளை அனுப்பி முடிப்பது) அவசியம், இல்லையேல் திரையில் கிறுக்கல்தான் வரும். நேரத்தை எண்ணும் டைமர்0 நிற்பதால், அதை நம்பியிருக்கும் மில்லிஸ் (ஓடிய மில்லிசெகண்டைச் சொல்லும் ஃபங்ஷன்) பின்தங்கும். பிரெட்போர்டில் நீளமான ஜம்பர் வயர்களோடு இருப்பவருக்கு இதனால் பெரிய லாபம் இல்லை என்பது என் கருத்து. வயரைக் குறைத்து, சிப்பின் அருகில் கெப்பாசிட்டர் வைத்த பிறகு இதற்கு வாருங்கள்.

படி 5: ஆழ்ந்த தூக்கம்

பவர்-டவுன் நிலைக்குப் போனால் எல்லாம் அணையும் என்று நினைக்கிறோம். ஏடிசி தானாக அணையாது! முதலில் ஏடிசியைக் கட்டுப்படுத்தும் ஏடிசிஎஸ்ஆர்ஏ ரெஜிஸ்டரின் (சிப்புக்குள் அமைப்புகளை வைக்கும் இடம்) மதிப்பைச் சேமித்து, அதைப் பூஜ்யமாக்கி ஏடிசியை அணையுங்கள். அதன் பிறகே, பகுதிகளின் இயக்கத்தை நிறுத்தும் பிஆர்ஆர் ரெஜிஸ்டரில் ஏடிசிக்கான பிட்டைப் போட வேண்டும். தலைகீழாகச் செய்தால் ஏடிசி ஓடியபடியே மாட்டிக்கொள்ளும், மின்சாரமும் போய்க்கொண்டே இருக்கும். பிரவுன்-அவுட் கண்காணிப்பை (சப்ளை மிகவும் இறங்கினால் சிப்பை ரீசெட் செய்வது) அணைப்பது தூக்கக் கட்டளைக்கு நேர் முந்தைய வரியில் இருக்கட்டும்; சில கடிகாரத் துடிப்புகள் தாண்டினால் அது செல்லாது.

தூக்கத்திலும் தனியே ஓடும் வாட்ச்டாக் டைமரை எழுப்பியாக வைத்தால், 3 வோல்ட்டில் 4 மைக்ரோஆம்பியர் அளவில் எதிர்பார்க்கலாம். ஆனால் ஊனோ போர்டில் அளக்காதீர்கள். யூஎஸ்பி சிப், ரெகுலேட்டர், பவர் எல்இடி எல்லாம் விழித்திருக்கும். தனிச் சிப்பில் அளக்கும்போதும் ஒரு தந்திரம் வேண்டும்: மீட்டரின் மைக்ரோஆம்பியர் அளவிலேயே சிப்பைத் தொடங்கினால் மீட்டருக்குள் மின்னழுத்தம் இறங்கி, சிப் ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். மீட்டரின் இரு முனைகளையும் ஒரு வயரால் இணைத்துத் தொடங்கி, தூங்கியதும் வயரை எடுங்கள்.

படி 6: எழுந்தவுடன்

அணைத்ததற்கு எதிர் வரிசை. பிஆர்ஆர் பிட்டை நீக்கு, ஏடிசிஎஸ்ஆர்ஏவின் பழைய மதிப்பைத் திரும்ப எழுது, ஒரு முறை படித்து வீசு, காத்திரு, பிறகு படி. தூக்கத்தில் உள் ரெஃபரன்ஸும் அணைந்திருக்கும், ஏரெஃப் கெப்பாசிட்டரும் வடிந்திருக்கும். தூங்கி எழுந்ததும் வரும் முதல் அளவு மட்டும் கோணலாக இருப்பது இதனால்தான்.

சிப் நேரடியாகப் பேட்டரியில் ஓடுகிறதென்றால் அந்த 1 மெகா ஓம் ஜோடியையே கழற்றிவிடலாம். லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட்டில் இருக்கும்போது அந்த ஜோடி ஓயாமல் 2.1 மைக்ரோஆம்பியர் குடிக்கிறது. பதிலாக, சப்ளையை ரெஃபரன்ஸாக வைத்து உள் 1.1 வோல்ட்டை அளங்கள். 1126400ஐ வந்த எண்ணால் வகுத்தால் சப்ளை மில்லிவோல்ட்டில் கிடைக்கும். 304 வந்தால் 3.7 வோல்ட். 1126400 என்பது 1100 பெருக்கல் 1024 என்பதால், 1100 இருக்கும் இடத்தில் படி 1இல் உங்கள் சிப்பில் அளந்த மதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.